பல்லாவரத்தில் கிடைத்த கல்

சரளை எடுக்கத் தோண்டிய பள்ளத்தில் என்ன கிடைக்கும்? கல்லும் மண்ணும்தான் என்பீர்கள். ராபர்ட் புரூஸ் பூட் என்பவருக்கும் ஒரு கல்தான் கிடைத்தது, குழந்தைகளே!

இங்கிலாந்தில் செல்டன்ஹாம் என்ற ஊரில் 1834-ஆம் ஆண்டு பிறந்தவர் பூட். 1858-இல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். பாறைகளையும் மண் அடுக்குகளையும் ஆராய்வது அவர் வேலை. இவருடைய மாமனார் பெர்சிவல் பாதிரியார், யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு பைபிளைத் தமிழாக்கியவர்.

1863 மே 30. பல்லாவரத்தில் படைவீரர்கள் அணிவகுக்கும் மைதானத்தில், செம்மண் சரளைக்காகத் தோண்டிய சிறு பள்ளம் ஒன்று இருந்தது. வெளியே கொட்டிக் கிடந்த கற்களில் ஒன்று பூட்டின் கண்ணில் பட்டது. குனிந்து எடுத்தார். இரு பக்கமும் சில்லு சில்லாகப் பெயர்த்து, விளிம்பைக் கூராக்கியிருந்தார்கள். ஆற்றில் உருண்ட கல் என்றால் வழவழப்பாக அல்லவா இருக்கும்? இது மனிதன் செய்த கருவி! பிரான்ஸ் நாட்டில் இப்படிப்பட்ட கற்கருவிகள் கிடைத்த செய்தி அவருக்குத் தெரியும். அதனால்தான் அடையாளம் கண்டார். பள்ளம் தோண்டிய கூலியாட்களின் மண்வெட்டியிலும் அந்தக் கல் வந்துதானே போயிருக்கும்!

ஆனால் ஒரே ஒரு கல்லை வைத்துக்கொண்டு என்ன சொல்ல முடியும்? இந்தியாவில் பழைய கற்காலம் இருந்ததற்கு அதுவரை யாரும் சான்று காட்டியதில்லை. எனவே மேலும் தேடினார். அதே ஆண்டு செப்டம்பரில், பூண்டிக்கு அருகே கொசஸ்தலையாற்றுப் பகுதியில் உள்ள அதிரம்பாக்கத்தில், உடன் பணிபுரிந்த வில்லியம் கிங்குடன் சேர்ந்து நிறையக் கருவிகளைக் கண்டெடுத்தார். சந்தேகம் தீர்ந்தது.

1891-இல் ஓய்வு பெற்ற பிறகும் அவர் சும்மா இருக்கவில்லை. பரோடாவிலும் மைசூரிலும் பணியாற்றினார். பாடுபட்டுச் சேர்த்த தொல்பொருள்களை 1904-இல் சென்னை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. எழும்பூருக்குப் போகும்போது கேட்டுப் பாருங்கள்.

ஏற்காட்டில் குடியிருந்த பூட், 1912-இல் கல்கத்தாவில் காலமானார். ஏற்காடு தேவாலயத்தில் அவருக்கு நினைவுச் சின்னம் உள்ளது.

அந்தக் கருவிகளின் வயதைக் கணக்கிட அவர் காலத்தில் வழியில்லை. அதிரம்பாக்கத்தில் மீண்டும் அகழாய்வு செய்த சாந்தி பப்பு குழுவினர், அங்குள்ள மிகப் பழைய கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று 2011-இல் அறிவித்தார்கள். பூட் இறந்து அப்போது 98 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.