திருக்காவலூர்த் துறவி

கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் அமைந்துள்ள சிற்றூர் ஏலாக்குறிச்சி. முன்னர்ப் பெரம்பலூர் மாவட்டத்தோடு இணைந்திருந்த இவ்வூருக்குத் திருக்காவலூர் என்னும் பெயரும் உண்டு. இங்கு அடைக்கல மாதா ஆலயத்தை எழுப்பி, அவ்வன்னையின்மீது திருக்காவலூர்க் கலம்பகம் பாடியவர் வீரமாமுனிவர். காவலும் அடைக்கலமும் இறைவனிடத்தே உள்ளன என்னும் உறுதியே அவர் வாழ்வின் அடித்தளமாகும்.

கான்சுடான்சு சோசப்பு பெசுகி என்னும் இயற்பெயருடைய இவர், 1680ஆம் ஆண்டு இத்தாலி நாட்டில் பிறந்தார். இயேசு சபைத் துறவியாகி, 1710இல் கோவாவை வந்தடைந்தார். பின்னர்த் தமிழகத்தில் சமயப் பணியை மேற்கொண்டார். சில ஆண்டுகளிலேயே பெருஞ்சோதனை நேர்ந்தது. திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த குருக்கள்பட்டியில் சிறைப்பட்டு, மரண தண்டனைக்கு உள்ளாகி, அதிலிருந்து தப்பினார். உயிர் பிழைத்தவர் தாய்நாட்டுக்குத் திரும்பியிருக்கலாம். அவரோ தமிழ் மண்ணிலேயே தங்கிப் பணியைத் தொடர்ந்தார். தைரியநாதர் என்று அவர் ஏற்ற பெயருக்கு அவர் வாழ்வே பொருளாயிற்று.

பிறந்த நாட்டின் உடையையும் உணவையும் துறந்து, காவியுடுத்திப் புலால் நீக்கி வாழ்ந்தார். சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் கற்று, 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணியை இயற்றினார். தொன்னூல் விளக்கம், சதுரகராதி ஆகியவற்றையும் அளித்தார். நெடுங்காலப் பழக்கம் என்பதற்காக எதையும் அவர் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. ஓலையில் புள்ளியின்றி எழுதப்பட்டதால் எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் மயங்கின. அம்மயக்கம் நீங்க எழுத்து வடிவத்தைத் திருத்தினார்.

அரசனின் மகளாகப் பிறந்தும் தந்தையின் ஆணைக்குப் பணியாது, இறைப்பற்றுக்காக உயிர்நீத்த கித்தேரியம்மாளின் வரலாற்றை அம்மானையாகப் பாடினார். இறைவனை நம்புதல் வேறு. மனிதரைக் கண்மூடிப் பின்பற்றுதல் வேறு. இவ்வேறுபாட்டை அவருடைய பரமார்த்த குரு கதை நகைச்சுவையோடு உணர்த்துகிறது. ஆறு விழித்திருப்பதாக எண்ணிக் குருவும் சீடர் ஐவரும் அதைக் கடக்க அஞ்சுகின்றனர். கடந்த பின்னர் எண்ணிப் பார்க்கும்போது, எண்ணுபவர் தம்மை விட்டுவிடுவதால் ஐவரே தேறுகின்றனர். ஒருவரை ஆறு கொண்டதாக அழுது புலம்புகின்றனர். நகைப்புக்குரிய இக்காட்சியில் ஆழ்ந்த உண்மை ஒன்று உள்ளது. அச்சத்திற்கும் அறியாத் தலைமைக்கும் அறிவை அடகு வைப்பவர், தம்மையே எண்ண மறந்து விடுகின்றனர்.

வீரமாமுனிவர் 1747ஆம் ஆண்டு கேரளத்தின் அம்பழக்காட்டில் இயற்கை எய்தினார். அச்சத்தை வென்ற அவருடைய நம்பிக்கையின் அடையாளமாகத் திருக்காவலூர் என்னும் பெயர் இன்றும் நிலைத்து நிற்கிறது.