போர்ட் 21-க்குப் பின்னால் ஒரு தாடிக்காரர்

நெட்வொர்க்ஸ் லேப்ல எஃப்.டி.பி. எக்சர்சைஸ் பண்ணியிருப்பீங்க. ஃபைல் ஒழுங்காப் போய்ச் சேர்ந்ததும் திரையில 226 என்று ஒரு எண் வரும். நாம அதைக் கண்டுக்கிறதே இல்லை. அடுத்த முறை வந்தா, ஜான் போஸ்டலை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.

1943-இல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். லாஸ் ஏஞ்சலஸில் யு.சி.எல்.ஏ. மாணவராக இருந்தபோதே, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் வேலையில் இறங்கிவிட்டார். 1969-இல் அந்த லேபிலிருந்துதான் முதல் செய்தி போனது. இரண்டே எழுத்து போனதும் எதிர்முனை சிஸ்டம் படுத்துவிட்டது!

அன்றைய பெரிய தலைவலி எது தெரியுமா? ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒவ்வொரு தினுசு. ஃபைலைச் சேமிக்கும் முறைகூட வேற வேற. ஒயர் இழுத்தா மட்டும் போதாது; எப்படிப் பேசுவது என்ற ஒப்பந்தமும் வேண்டும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து எம்.ஐ.டி. சென்ற அபய் பூஷண், 1971-இல் எஃப்.டி.பி.யின் முதல் வரைவை எழுதினார். இந்த மாதிரி ஒப்பந்தங்களுக்கு ஆர்.எஃப்.சி. என்று பெயர். அவற்றையெல்லாம் திருத்தி, எண் போட்டு, வெளியிட்டு வந்தவர் போஸ்டல்.

1985-இல் ஜாய்ஸ் ரெனால்ட்ஸுடன் சேர்ந்து அவர் எழுதிய ஆர்.எஃப்.சி. 959-தான் இன்றைக்கும் எஃப்.டி.பி.யின் அடிப்படை. கட்டளைகளுக்கு ஒரு இணைப்பு, அது போர்ட் 21. ஃபைலுக்குத் தனி இணைப்பு. பதில்கள் எல்லாம் மூன்று இலக்க எண்கள். 2-இல் தொடங்கினால் வேலை முடிந்தது. 4 என்றால் அப்புறமா முயற்சி பண்ணு. 5 என்றால் நடக்காது. கையில் இருப்பது எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் அர்த்தம் ஒன்றுதான்.

எந்தச் சேவைக்கு எந்த போர்ட் எண் என்ற பட்டியலையும் அவர்தான் பராமரித்தார். அதிகாரம் கொடுத்த சட்டம் எதுவும் இல்லை. அவர் நியாயமா நடந்துப்பார்னு எல்லாரும் நம்பினாங்க, அவ்வளவுதான். அனுப்பும்போது விதியைக் கறாராகப் பின்பற்று, வாங்கும்போது கொஞ்சம் விட்டுக்கொடு என்பது அவர் புரோட்டோகால்களுக்குச் சொன்ன பாடம். நமக்கும் பொருந்தும்தானே?

1998 அக்டோபர் 16-இல், இதய அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்தார். வயது 55 தான். அவர் படித்த பள்ளியிலேயே படித்த நண்பர் விண்ட் செர்ஃப் அஞ்சலி எழுதினார். அது வெளியானது எப்படி தெரியுமா? ஆர்.எஃப்.சி. 2468 ஆக!

கோடு ஓடிடுச்சு, டாக்குமெண்ட் எதுக்குன்னு கேட்கிறோம் இல்லையா? முகம் தெரியாத இரண்டு மெஷின்கள் இன்றைக்கும் ஃபைலை மாற்றிக்கொள்வது, இவர் போன்ற ஒருத்தர் பொறுமையா எழுதி வெச்சதாலதான்.