பாபநாசம் சிவனார் சரிதம்

கொட்டிவாக்கத்தில் வதியும் நம் சங்கத்து அன்பர் இல்லங்களிற் சுபகாரியம் நிகழுங்கால், மங்கையர் கூடிப் பாடும் பாட்டுக்களுட் பல ஒருவரது வாக்கினின்று பிறந்தவை. பாடுவோர் அதனை அறியார். சிலர் அவற்றைத் தியாகராஜ பாகவதர் பாட்டென்பர். சிலர் பட்டம்மாள் பாட்டென்பர். ஏனையோர் பெரியோர் பாட்டு என்றமைவர். பாட்டானது நெஞ்சிற் புகுந்தபின் இயற்றினோன் பெயர் வாயிற்புறத்தே நின்றுவிடுதல் உலகியல்பே. அங்ஙனம் நின்றுவிட்ட பாபநாசம் சிவனாரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி வரையப் புகுகின்றோம்.

தஞ்சை நாட்டுப் போலகம் என்னும் சிற்றூரில், 1890-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 26-ஆம் நாள், இராமாமிருத ஐயருக்கும் யோகாம்பாள் அம்மையாருக்கும் மகனாராய்த் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் இராமையா. 1897-இல் தந்தையார் இறந்தார். மிடி வருத்த, அன்னையார் மக்களை அழைத்துக்கொண்டு திருவனந்தபுரம் சேர்ந்தார். அந்நகரிலே வடமொழிக் கல்லூரியிற் பயின்று வியாகரணத்திற் பட்டம் பெற்றார். நீலகண்ட சிவன் என்னும் பெரியாரின் பஜனையை இளமையிற் கேட்டதே அவருள்ளத்தில் வித்தாக விழுந்தது. 1910-இல் அன்னையாரும் மறைந்தனர். பற்றுக்கோடின்றிக் கோயில்தோறும் பாடித் திரிந்து, தமையனார் இராஜகோபால ஐயர் வாழ்ந்த பாபநாசத்தை அடைந்தார். மேனியெங்கும் நீறு பூசிப் பாடிவந்த அவரைக் கண்ட கணபதி அக்கிரகாரத்தார், பாபநாசத்துச் சிவனே வந்தான் என்னுங் கருத்தால் அப்பெயரிட்டு அழைத்தனர். ஊரார் அன்பினால் இட்ட பெயரே நிலைத்தது. இராமையா என்பது மறைந்தது. ஆயினும் தம் பாட்டுக்களில் அவர் வைத்த முத்திரை இராமதாசன் என்பதேயாம்.

கோனேரிராஜபுரம் வைத்தியநாத ஐயரின் கச்சேரிகளை இடைவிடாது கேட்டுக் கேட்டே தம் இசையறிவைப் பெருக்கினார். பள்ளியில் அவர் கற்றவை மலையாளமும் வடமொழியுமே. இது குறித்து ஒன்று சொல்லல் வேண்டும். தமிழ் கற்பித்து வயிறு வளர்க்கும் எமக்கு, அவர் கீர்த்தனங்களில் வடசொற்கள் மலிந்து கிடத்தல் நெடுநாள் உறுத்தலாகவே இருந்தது. பதம் பிரித்துப் பொருள் சொல்லப் புகுந்தால் இன்றும் முகஞ் சுளிப்போம். ஆனால் ஒருவர் அதனைப் பாடக் கேட்குங்கால் அவ்வுறுத்தல் எங்கு ஒளிக்கின்றதோ அறியோம். சொல்லும் இராகமும் ஒருங்கே ஒரு நெஞ்சிற் பிறந்தமையால் ஒன்றையொன்று இடறாமற் செல்கின்றன. ஒருவர் சொற்கட்ட மற்றொருவர் மெட்டமைக்கும் பாட்டில் இது வாய்ப்பது அரிது.

ஏறத்தாழ 1930-இல் மயிலாப்பூரிற் குடியேறினார். கபாலீசுவரர் கோயிலின் நான்கு மாடவீதிகளிலும் மார்கழி வைகறையிற் பஜனை செய்துவருதலை விரதமாகக் கொண்டார். பனியில் வெறுங்காலுடன் வீதிவலம் வரும் அவர்பின் சிறுவரும் முதியரும் சங்கீத வித்துவான்களும் சென்றனர். அங்குச் சீட்டுமில்லை, மேடையுமில்லை. 1934-இல் கீர்த்தன மாலை என்னும் நூல் வெளிவந்தது. 1936-இல் ருக்மிணி தேவியார் அடையாற்றில் நிறுவிய கலாக்ஷேத்திரத்தின் தொடக்க காலத்தில் அங்கு ஆசிரியராகவும் அமர்ந்தார். அந்நிலையம் பின்னர் நமக்கு அண்மையதாகிய திருவான்மியூருக்குப் பெயர்ந்தது.

அதே 1934-இல் வெளிவந்த சீதா கல்யாணம் என்னும் பேசும்படத்திற்குப் பாட்டியற்றப் புகுந்தார். அக்காலத்து நடிகரே ஒலிவாங்கியின்முன் தம் குரலாற் பாடல் வேண்டும். ஆதலின் பாட்டு, பாடுவோர் மிடற்றுக்கும் மூச்சுக்கும் ஏற்றதாய்ப் பிறத்தல் வேண்டும். இயற்றினோரே அருகமர்ந்து கற்பித்தலும் வேண்டும். இசைத்தட்டோ ஒரு புறம் மூன்று நிமிடத்திற்குச் சற்றே மிகும். விரிந்த நிரவலுக்கு அங்கு இடமேது? பல்லவி, அநுபல்லவி, சரணம் என்னும் மூன்றும் அச்சிறு செப்பினுள் அடங்கவும், இராகத்தின் உருவம் சிதையாதிருக்கவும் அமைத்தது சிவனார் திறம். பாகவதரின் உச்சக் குரலுக்கென அவர் அமைத்தவை 1943-இல் சிவகவியிலும் 1944-இல் ஹரிதாஸிலும் வெளிவந்தன. வாத்தியச் சேர்க்கையை ஜி. இராமநாதன் கவனித்தார். ஹரிதாஸ் சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. 1939-இல் தியாகபூமியிற் சம்பு சாஸ்திரியாக அவரே நடித்தார். அப்படத்தை ஆங்கில அரசினர் பின்னர்த் தடைசெய்தனர்.

இவ்விடத்தே எம் குடும்பத்துச் செய்தி ஒன்று. எம் பாட்டனார், சினிமாப் பாட்டு வீட்டினுள் ஒலித்தலாகாது என விதித்திருந்தார். நம் குலத்துப் பெரியோர் பலரும் அக்காலத்து அங்ஙனமே விதித்தனர். பாட்டியாரோ ஹரிதாஸ் பாட்டை அடுக்களையில் அம்மிச் சத்தத்தோடு சேர்த்து மெல்லப் பாடுவாராம். வெள்ளிக்கிழமை பூசையிற் பாட்டனார் கண்ணீர் மல்கக் கேட்ட கற்பகாம்பாள் கீர்த்தனமும் அச்சினிமாப் பாட்டை இயற்றியவருடையதே என்பதை இருவரும் அறியார். பல்லாண்டு கழித்து, பழைய பாட்டுப் புத்தகம் ஒன்றின் அட்டையிற் பெயரைக் கண்டு எம் தந்தையார் அதனைச் சொல்ல, பாட்டனார் நெடுநேரம் வாய்திறவாதிருந்து, பின் அப்புத்தகத்தை வாங்கிக்கொண்டு திண்ணைக்குச் சென்றாராம். அன்று முதல் அடுக்களைக் குரல் சற்று உயர்ந்ததென்பர்.

தடைவிதித்தாரை யாம் குறைகூறோம். கொட்டகையில் தீயனவும் வந்தன. ஆயின் கோயிற்கு ஒரு கை, கொட்டகைக்கு ஒரு கை என்று சிவனார் வைத்துக்கொண்டிலர். அதே இராகம், அதே இராமதாசன் உள்ளம். கோயிலுக்கு வரவியலாத தொலைவிலிருந்தோர்க்கு டெண்டுக் கொட்டகையும் சாவி கொடுத்துச் சுழற்றும் கிராமபோனும் அவற்றைக் கொண்டு சேர்த்தன.

சிறப்புக்கள் பிந்தியே வந்தன. 1971-இல் மியூசிக் அகாடெமியாரின் சங்கீத கலாநிதி விருது. 1972-இல் பத்ம பூஷண். 1973 அக்டோபர் 1-ஆம் நாள் சிவனார் இறைவனடி சேர்ந்தார்.

மாடவீதிப் பஜனை நின்றிலது. கடந்த மார்கழியில் ஒருநாள், எம் மாணாக்கர் சிலருடன் கொட்டிவாக்கத்தினின்று விடியுமுன் புறப்பட்டு வடக்கு மாடவீதியில் நின்றோம். ஜாலராவொலி முதலிற் கேட்டது. கோலமிட்டுக்கொண்டிருந்த முதிய அம்மையார் ஒருவர் மாவுக் கையுடன் எழுந்து, முன்னடி வருமுன்னரே அடுத்த அடியைப் பாடத் தொடங்கினார். இப்பாட்டு யாருடையதென்று எம் மாணாக்கன் ஒருவன் அவரை வினவினான். எங்கள் தெருப் பாட்டு என்று கூறிவிட்டு, அவர் மீண்டும் கோலத்திற்குக் குனிந்தார்.