ஆர்காடி ஷிபுனோவ்: வானூர்திக்கும் ஆயுதம், வானூர்தியை வீழ்த்தவும் ஆயுதம்

மிக்-27 என்ற பெயரைக் கேட்டறியாத குடும்பம் வடக்கு, கிழக்கில் குறைவு. 2000ஆம் ஆண்டு இலங்கை வான்படை இந்தத் தாக்குதல் வானூர்திகளை உக்ரைனிடமிருந்து வாங்கியது. 2006இல் மேலும் நான்கு வானூர்திகளை வாங்கச் செய்த ஒப்பந்தம் ஊழல் குற்றச்சாட்டுக்கு உள்ளாகிப் பல ஆண்டுகளாகச் செய்திகளில் அடிபட்டது. யார் விற்றார்கள், யார் வாங்கினார்கள், பணம் எந்த வழியாகக் கைமாறியது என்றெல்லாம் நிறைய எழுதப்பட்டுவிட்டது. அந்த வானூர்தியின் வயிற்றுப் பகுதியில் பூட்டப்பட்டிருந்த ஆறு குழல் பீரங்கியை வடிவமைத்தவர்கள் யார் என்பது மட்டும் இங்கே அதிகம் பேசப்படவில்லை.

வடிவமைத்தவர்கள் இருவர். ஒருவர் வசிலி கிரியாசெவ், மற்றவர் ஆர்காடி கியோர்கியெவிச் ஷிபுனோவ். இரு பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தே ஜிஎஸ்எச் என்று அந்தப் பீரங்கிக்குப் பெயர் வைத்தார்கள். இது இங்கே நாம் அறிந்த ஆட்லறி போன்றதல்ல. துப்பாக்கியைப் போல விடாமல் சுடுவது. அதே ஷிபுனோவின் தலைமையில்தான், தாழப் பறக்கும் வானூர்திகளையும் உலங்குவானூர்திகளையும் சுட்டு வீழ்த்துவதற்கென்று ‘துங்குஸ்கா’ என்ற சங்கிலிச் சக்கர வாகனமும் உருவானது. மிக்-27இன் பீரங்கியும் துங்குஸ்காவின் பீரங்கியும் சுடுவது ஒரே அளவு ரவையை: 30 மில்லிமீற்றர் விட்டம், 165 மில்லிமீற்றர் நீளமான கோது. மேலிருந்து கீழே சுடுவதற்கும் கீழிருந்து மேலே சுடுவதற்கும் ஆயுதம் ஒரே கூடத்திலிருந்து வந்தது.

ஷிபுனோவ் 1927 நவம்பர் 7ஆம் திகதி, ரஷ்யாவின் ஒரியோல் பகுதியிலுள்ள லிவ்னி என்ற சிறு நகரில் பிறந்தார். அவருக்கு 14 வயதானபோது, 1941 நவம்பர் இறுதியில், அந்த நகரம் ஜேர்மன் படைகளிடம் வீழ்ந்தது. ஒரு மாதம் கழித்துத்தான் சோவியத் படைகள் அதை மீட்டன. வடக்கே துலா நகரம் அதே குளிர்காலத்தில் மூன்று பக்கமும் சூழப்பட்டும் வீழாமல் நின்றது. அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் பலர் ஆயுதப் பொறியியலுக்குப் போனதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. வானத்திலிருந்து வரும் அடியையும், அதைத் தடுக்கக் கையில் ஒன்றும் இல்லாத நிலையையும் பார்த்து வளர்ந்த தலைமுறை அது.

துலா, மொஸ்கோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 190 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. மகா பீற்றர் மன்னன் 1712இல் அங்கே ஆயுதத் தொழிற்சாலை அமைக்க ஆணையிட்டான். அன்றிலிருந்து துப்பாக்கி செய்வதே அந்த ஊரின் பிழைப்பு. அங்குள்ள பொறிமுறை நிறுவகத்தில் ஷிபுனோவ் படித்து 1950இல் பட்டம் பெற்றார். கிரியாசெவ் அதே நிறுவகத்தில் ஓராண்டு பின்னால் படித்தவர், துலாவிலேயே பிறந்தவர். இருவரும் மொஸ்கோவுக்கு அருகே கிளிமோவ்ஸ்க் நகரிலிருந்த ஆயுத ஆய்வு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தனர். அங்கே தொடங்கிய கூட்டு, கிரியாசெவ் 2008இல் இறக்கும் வரை நீடித்தது.

இருவரின் முதலாவது பெரிய ஆக்கம் ஜிஎஸ்எச்-23. இரண்டு குழல்கள் அருகருகே இருக்கும். ஒன்று சுடும்போது எழும் வாயுவின் விசை மற்றதை நிரப்பும். பிறகு அது சுட்டு இதை நிரப்பும். முதலாம் உலகப் போரின்போது காஸ்ட் என்ற ஜேர்மன் பொறியியலாளர் கண்ட வழிமுறை இது. அதை ஏறத்தாழ 50 கிலோகிராம் எடைக்குள் அடக்கி, நிமிடத்துக்கு 3000க்கும் மேற்பட்ட ரவைகள் சுட வைத்தார்கள். 1965இல் அது சேவைக்கு வந்தது.

அந்தக் காலத்தில் பீரங்கி என்பதே பழைய சாமான் என்று உலகின் பல படைத் தலைமைகள் நம்பின. இனி எல்லாம் ஏவுகணைதான் என்று சோவியத் தலைவர் குருஷேவும் எண்ணினார். அமெரிக்கா பீரங்கியே இல்லாத எஃப்-4 போர் வானூர்திகளை வியட்நாமுக்கு அனுப்பியது. சோவியத்தின் மிக்-21இன் சில வகைகளும் பீரங்கி இல்லாமலே வெளிவந்தன. வியட்நாமில் ஏவுகணைகள் பல முறை குறி தவறின. கிட்ட நெருங்கிய எதிரியைச் சுட ஒன்றும் இல்லாமல் விமானிகள் திண்டாடினர். பீரங்கி திரும்பி வந்தது. ஏவுகணை, பீரங்கி இரண்டில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டியதில்லை, இரண்டும் வேண்டும் என்பதே ஷிபுனோவ் தன் தொழிலில் கடைசிவரை பிடித்து நின்ற கொள்கை.

1962இல், 35 வயது நிறையும் முன்பே, துலாவின் ஆயுத வடிவமைப்புப் பணியகத்துக்கு அவர் தலைவரானார். அவர் பிறந்த அதே 1927இல் தொடங்கிய பணியகம் அது. சோவியத் படையின் கைத்துப்பாக்கிகள் பல அங்கேதான் உருவாகியிருந்தன. ஷிபுனோவ் அதன் திசையை மாற்றினார். தாங்கிகளை அழிக்கும் ‘ஃபகோத்’ ஏவுகணை 1970இலும் ‘கொன்குர்ஸ்’ 1974இலும் சேவைக்கு வந்தன. 1966இல் கிரியாசெவும் துலாவுக்கு வந்து சேர்ந்தார். அதன் பிறகு கடற்படைக் கப்பல்களுக்கான ஆறு குழல் பீரங்கி, மிக்-27இன் ஆறு குழல் பீரங்கி, எம்.ஐ-24 உலங்குவானூர்தியின் ஒரு வகையில் பக்கவாட்டில் பூட்டிய இரட்டைக் குழல் பீரங்கி, பி.எம்.பி-2 கவச வாகனத்தின் பீரங்கி என்று ஒன்றன் பின் ஒன்றாக வெளிவந்தன. பின்னைய இரண்டும் ஆப்கானிஸ்தான் கிராமங்கள் அறிந்தவை.

மிக்-27இன் பீரங்கி பற்றி விமானிகளிடையே பல கதைகள் உண்டு. நிமிடத்துக்கு ஏறத்தாழ 5000 ரவைகள், ஒவ்வொரு ரவையின் முனையும் 400 கிராமுக்குச் சற்றுக் குறைவு. குழல்களைச் சுழற்ற மின்மோட்டர் எதுவும் இல்லை, வெடிவாயுவே அவற்றைச் சுழற்றும். சுடும்போது எழும் அதிர்வில் வானூர்தியின் தரையிறங்கும் விளக்குகள் உடைந்தன, விமானி அறையின் கருவிகள் கழன்றன. சுடும் வானூர்தியே அப்படிக் குலுங்கியதென்றால், ரவைகள் போய் விழுந்த இடத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

துங்குஸ்காவின் கதை 1970 ஜூனில் தொடங்குகிறது. அதுவரை சோவியத் தாங்கிப் படைகளோடு சேர்ந்து போன விமான எதிர்ப்பு வாகனம் ‘ஷில்கா’. அதன் 23 மில்லிமீற்றர் ரவை 2.5 கிலோமீற்றருக்கு அப்பால் பயனற்றது. அமெரிக்காவோ கவசம் பூண்ட தாக்குதல் வானூர்திகளையும், தொலைவில் நின்றே தாங்கிகளைத் தாக்கும் ஏவுகணை தாங்கிய உலங்குவானூர்திகளையும் உருவாக்கிக்கொண்டிருந்தது. ஷிபுனோவின் பணியகத்திடம் புதிய வாகனம் கேட்கப்பட்டது. இடையில் 1975 அளவில் வேலை நிறுத்தப்பட்டது. ‘ஓசா’ என்ற ஏவுகணை வாகனம் இருக்கும்போது பீரங்கி எதற்கு என்று மேலிடம் கேட்டது.

கேள்விக்கு விடை நேரக் கணக்கில் இருந்தது. உலங்குவானூர்தி மரங்களின் மறைவிலிருந்து மேலெழுந்து, சுட்டுவிட்டு, மறுபடி மறைவதற்கு அரை நிமிடமளவே எடுக்கும். ஓசா அதைக் கண்டு, குறிவைத்து, ஏவுவதற்குள் அது போய்விடும். 10 விநாடிக்குள் சுடத் தொடங்கும் ஒன்று தேவைப்பட்டது. வேலை மறுபடி தொடங்கி, 1982 செப்டெம்பரில் துங்குஸ்கா சேவைக்கு ஏற்கப்பட்டது.

34 தொன் எடை, நான்கு பேர் கொண்ட குழு. கூண்டின் இரு பக்கமும் இரட்டைக் குழல் பீரங்கி ஒவ்வொன்று, 1904 ரவைகள். 4 கிலோமீற்றர் வரை பீரங்கி, அதற்கு அப்பால் 8 கிலோமீற்றர் வரை ஏவுகணை. முன்னுள்ள ராடாரும் பின்னுள்ள ராடாரும் இலக்கைத் தேடிப் பின்தொடரும். ஏவுகணையைச் செலுத்தும்போது சுடுநர் பார்வைக் கருவியின் குறியை இலக்கின் மேல் வைத்திருக்க வேண்டும். வாகனத்தின் கணினி வானொலி வழியாக ஏவுகணையைத் திருப்பிச் செலுத்தும். ஓடிக்கொண்டே பீரங்கி சுடலாம், ஏவுகணைக்கோ வாகனம் நிற்க வேண்டும். இரவிலும் பனிமூட்டத்திலும் முதல் வகைகளின் ஏவுகணை பயன்படாது. இந்தக் குறைகளோடும், ஏவுகணையையும் பீரங்கியையும் ஒரே சங்கிலிச் சக்கர வாகனத்தில் இணைத்து முதலில் சேவைக்குக் கொண்டுவந்தது துங்குஸ்காதான். ஷிபுனோவின் பழைய பிடிவாதம் இரும்பு வடிவம் பெற்ற இடம் அது.

சோவியத் ஒன்றியம் 1991இல் உடைந்ததும் துலாவின் தொழிற்சாலைகளுக்கு அரச கொள்வனவு நின்றது. அப்போது 64 வயதான ஷிபுனோவ் வெளிநாட்டுச் சந்தையைத் தேடினார். அரசின் ஏற்றுமதி நிறுவனத்தை நம்பியிராமல் நேரடியாக விற்கும் உரிமையைப் பணியகம் பெற்றது. துங்குஸ்கா இந்தியாவுக்குப் போனது. தாங்கி எதிர்ப்பு ஏவுகணை ‘கொர்னெட்’ சிரியாவுக்குப் போனதைக் காரணம் காட்டி 1999இல் அமெரிக்கா அந்தப் பணியகத்தின் மீது தடை விதித்தது. 2006இல் லெபனானில் இஸ்ரேலியத் தாங்கிகள் சந்தித்ததும் அந்த ஏவுகணையைத்தான். துங்குஸ்காவின் வாரிசான ‘பன்ற்சிர்’ முழுமையடையப் பணம் கொடுத்தது ஐக்கிய அரபு அமீரகம். 2000இல் அது 50 வாகனங்களுக்குக் கட்டளை கொடுத்த பிறகே அந்த வேலை நகர்ந்தது.

ஒரு நாட்டைக் காக்கவென்று தொடங்கிய பணியகம், பிழைப்பதற்காக யாருக்கும் விற்கும் பணியகமானது இப்படித்தான். ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்களின் சம்பளம் அதில் தங்கியிருந்தது என்பதும் உண்மை. விற்ற ஆயுதம் எந்த ஊரின் மேல் திரும்பும் என்பதை விற்பவர் தீர்மானிப்பதில்லை என்பதும் உண்மை. மிக்-27 உக்ரைனின் பழைய களஞ்சியத்திலிருந்து இந்தத் தீவுக்கு வந்தபோது துலாவை யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. இங்கே மக்கள் பெரும்பாலும் அதன் குண்டுகளையே நினைவு வைத்திருக்கிறார்கள். எந்தக் குண்டு, எந்தப் பீரங்கி என்ற கணக்கு பதுங்குகுழிக்குள் இருந்தவர்களுக்கு எட்டும் விடயமல்ல.

சோசலிச உழைப்பு வீரர் பட்டம், லெனின் பரிசு, அறிவியல் கழக உறுப்புரிமை என்று நாடு கொடுக்கக்கூடியவை எல்லாம் ஷிபுனோவுக்குக் கிடைத்தன. 44 ஆண்டுகள் தலைமை வகித்து 2006இல் பொறுப்பை விட்டார். 2013 ஏப்ரல் 25ஆம் திகதி, 85 வயதில் காலமானார். இன்று அந்தப் பணியகம் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் இறந்த மறு ஆண்டே உக்ரைனின் கிழக்கில் போர் மூண்டது. சோவியத் காலத்தில் ஒரே தொழிற்சாலையில் பூட்டிய துங்குஸ்கா வாகனங்கள் இப்போது ரஷ்யப் படையிடமும் உண்டு, உக்ரைன் படையிடமும் உண்டு. ஒன்றையொன்று எதிர்த்து நிற்கும் இரு படைகளும் தத்தம் தாங்கிகளுக்கு மேலே வருவதைச் சுட அதே 30 மில்லிமீற்றர் ரவையைத்தான் நிரப்புகின்றன. அந்த வாகனம் படையணிகளோடு நகர்வதற்குச் செய்தது, படையணி போகும் இடத்துக்கே அதன் காவலும் போகும். படை விட்டுப்போன ஊர்களில் இருப்பவர்களுக்கு இன்றைக்கும் நிலவறையும் பதுங்குகுழியும்தான்.