ஜிம் கார்பெட்டின் துப்பாக்கி

1875-ஆம் ஆண்டு நைனிடாலில் பிறந்த ஜிம் கார்பெட், பீகாரில் கங்கைக் கரையிலுள்ள மொகாமா காட்டில் இரயில்வேச் சரக்கு மாற்றும் பணியை இருபது ஆண்டுகளுக்கு மேல் நடத்தியவர். எனவே இரயில்வே ஊழியராகிய நமக்கு அவர் அயலார் அல்லர்.

சிறுவனாக அவர் பெற்றது, வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி. அதில் ஒரு குழல் வெடித்திருந்தது. ஒவ்வொரு வேட்டுக்கும் மருந்தும் குண்டும் இட்டுக் குத்தவேண்டும். ஆதலின் வீண்வேட்டுக்கு இடமில்லை.

1907-இல், 436 உயிர்களைக் குடித்த சம்பாவத் பெண்புலியை வீழ்த்தினார்; .275 ரிக்பி துப்பாக்கி பரிசாகக் கிடைத்தது. அப்புலியின் கோரைப்பற்கள் முன்னர் எவரோ சுட்ட குண்டால் உடைந்திருந்தன. இரை பிடிக்க இயலாமற்போன அது மனிதரை நாடிற்று. பொறுப்பற்ற ஒரு வேட்டின் விலை அத்தனை உயிர்கள்!

பின்னாளில் துப்பாக்கியினும் படக்கருவியையே அவர் பெரிதும் விரும்பினார். 1955-இல் கென்யாவில் மறைந்தார். ஏந்துங் கருவி எதுவாயினும் பொறுப்பே முதன்மை என்பதை நாம் அவர் வாழ்விலிருந்து கற்போமாக.