மெர்டேக்கா அரங்கின் பத்தாம் எண்

1978ஆம் ஆண்டு மே மாதம். கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் இங்கிலாந்து ‘பி’ அணியுடன் மலேசிய அணி மோதியது. நடுத்திடலுக்கு அருகே பந்தைப் பெற்ற பத்தாம் எண் ஆட்டக்காரர் அதைச் சக ஆட்டக்காரர் எவருக்கும் அனுப்பவில்லை. எதிரணியின் தற்காப்பாளர்களைத் தாண்டித் தனியாகவே ஓடிச் சென்று கோல் அடித்தார். ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிந்தது. அந்த ஆட்டக்காரர்தான் மொக்தார் டஹாரி.

மொக்தார் 1953 நவம்பர் 13ஆம் நாள் கோலாலம்பூரின் செத்தாப்பாக் பகுதியில் பிறந்தார். தந்தை லாரி ஓட்டுநர். கம்போங் பாண்டானில் வளர்ந்த சிறுவன் பள்ளிக்காலத்திலேயே காற்பந்தில் திறமை காட்டினான். 1972இல் சிலாங்கூர் அணியிலும் தேசிய அணியிலும் அவருக்கு இடம் கிடைத்தது. அவர் நெடிய உருவம் கொண்டவர் அல்லர். ஆனால், அவரது வேகத்தையும் தொலைவிலிருந்தே வலையை அதிரவைக்கும் உதையையும் தடுப்பது எளிதாக இல்லை.

1974இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியா வெண்கலம் வென்றது. அடுத்த ஆண்டு, இங்கிலாந்தின் புகழ்பெற்ற ஆர்சனல் குழு கோலாலம்பூருக்கு வந்து 2-0 எனத் தோற்றது. இரு கோல்களையும் அடித்தவர் மொக்தார். இன்றும் பலர் முதலில் நினைவுகூர்வது இந்த வெற்றியைத்தான். எனினும், இங்கிலாந்து ‘பி’ அணிக்கு எதிரான அந்த ஓட்டமே அவரது திறமையை முழுமையாகக் காட்டியது எனலாம்.

அன்றைய அணியில் அவர் மட்டுமே நட்சத்திரம் அல்லர். தற்காப்பில் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் இருந்தனர், கோல்கம்பத்தை ஆர். ஆறுமுகம் காத்தார். 1977, 1979ஆம் ஆண்டுகளின் தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டிகளில் மலேசியா தங்கம் வென்றது. நாட்டுக்காக மொக்தார் 142 ஆட்டங்களில் 89 கோல்கள் அடித்தார் என்பது ஃபிஃபா ஏற்றுக்கொண்ட கணக்கு. மக்கள் அவரை ‘சூப்பர்மொக்’ என்று அழைத்தனர்.

ஓய்வுபெற்ற சில காலத்திலேயே அவரது உடல் தளரத் தொடங்கியது. 1988இல் லண்டனில் பரிசோதித்த மருத்துவர்கள், தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் மெல்ல மெல்ல அழியும் நோய் அது என்று கண்டறிந்தனர். அதற்கு மருந்து இல்லை. அவரும் மனைவியும் இச்செய்தியை வெளியில் சொல்லவில்லை. 1991 ஜூலை 11ஆம் நாள், தமது 37ஆம் வயதில், மொக்தார் காலமானார். தசைச் சிதைவு நோயே காரணம் என மக்கள் நம்பினர். நோயின் உண்மைப் பெயர் 2010இல் வெளிவந்த ஓர் ஆவணப்படத்தின் வழியாகவே அவர்களுக்குத் தெரியவந்தது.