மீசையுள்ள தாய்

குஜராத் மாநிலத்தின் சௌராட்டிரப் பகுதியில் சித்தல் என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1885ஆம் ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் கிரிஜாசங்கர் பகவான்ஜி பதேக்கா பிறந்தார். மக்கள் அவரைக் கிஜுபாய் என்று அன்புடன் அழைத்தனர். இளமையில் பொருள் தேடிக் கிழக்கு ஆப்பிரிக்கா சென்ற அவர், தாயகம் திரும்பி மும்பையில் சட்டம் பயின்றார். பின்னர் வத்வான் நகரில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தார்.

1913ஆம் ஆண்டு அவருக்கு மகன் பிறந்தான். அவனை எவ்வாறு வளர்ப்பது, எங்குக் கற்பிப்பது என்னும் கவலை தந்தையின் உள்ளத்தில் எழுந்தது. அக்காலப் பள்ளிகள் பலவற்றில் பிரம்பே ஆட்சி செய்தது. பிள்ளைகள் பொருள் விளங்காமலே பாடங்களை மனப்பாடம் செய்தனர். தவறினால் அடி வாங்கினர். அச்சம் நிறைந்த மனத்தில் கல்வி எவ்வாறு வேரூன்றும்? விடை தேடிய கிஜுபாய், இத்தாலி நாட்டு மருத்துவரும் கல்வியாளருமான மரியா மாண்டிசோரியின் கருத்துகளைப் படித்தார். பிள்ளைகள் படிப்பை வெறுப்பதற்குக் காரணம் அவர்களல்லர், கற்பிக்கும் முறையே என்பதை உணர்ந்தார்.

உணர்ந்ததைச் செயலில் காட்ட விரும்பினார். வழக்கறிஞர் தொழிலைத் துறந்து, 1916ஆம் ஆண்டு பாவ்நகரில் இருந்த தட்சிணாமூர்த்தி கல்வி நிலையத்தில் பணியில் சேர்ந்தார். நான்கு ஆண்டுகளுக்குப் பின், அந்நிலையத்தின் சார்பில் சிறு குழந்தைகளுக்காகப் பால மந்திர் என்னும் பள்ளியைத் தொடங்கினார்.

அங்குப் பிரம்புக்கு இடமில்லை. பரிசு காட்டி ஆசையூட்டும் வழக்கமும் இல்லை. குழந்தைகள் பாடினர், ஆடினர், படம் வரைந்தனர், மணலில் விளையாடினர், செடிகளுக்கு நீர் ஊற்றினர். கிஜுபாய் மாண்டிசோரியின் முறையை அப்படியே பின்பற்றவில்லை. பாட்டிமார் வழிவழியாகச் சொல்லி வந்த நாட்டுப்புறக் கதைகளை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார். தாய்மொழியில் கதை கேட்ட குழந்தைகள் தாமே கதை சொல்லவும், நடிக்கவும், படிக்கவும் முன்வந்தனர். தாயைப் போல் அன்பு காட்டிய அவருக்கு, மீசையுள்ள தாய் என்னும் பெயர் வழங்கலாயிற்று.

தம் கல்விக் கொள்கையை விளக்க அவர் பகற்கனவு என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நூல் எழுதினார். கதைபோல் அமைந்த அந்நூலில் ஓர் ஆசிரியர் நான்காம் வகுப்பைப் பொறுப்பேற்கிறார். முதல் நாள் மாணவரை அமைதியாக இருக்கச் செய்ய முயல்கிறார். வகுப்பில் கூச்சலே மிகுகிறது. அவர் திட்டம் தோற்கிறது. மறுநாள் அவர் ஒரு கதையைத் தொடங்குகிறார். அதட்டல் ஏதுமின்றி வகுப்பு அமைதியாகிறது. பிள்ளைகள் அவர்களேதாம், மாறியது ஆசிரியரின் வழி மட்டுமே. இந்நூல் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் வெளிவந்துள்ளது.

நல்ல பள்ளிக்கு நல்லாசிரியர் தேவை என்பதைக் கிஜுபாய் நன்கு அறிந்திருந்தார். ஆகவே, தாராபாய் மோடக் அம்மையாருடன் இணைந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்க்கும் நூற்றுக்கு மேற்பட்ட நூல்களை எழுதினார். ஓயாது உழைத்த அவர், 1939ஆம் ஆண்டு தமது 53ஆம் அகவையில் மறைந்தார். குழந்தை மகிழ்ந்து கற்கும் இடமே பள்ளி என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.

அருஞ்சொற்பொருள்
துறந்து – விட்டு நீங்கி
வேரூன்றும் – நிலைபெறும்
அகவை – வயது

வினாக்கள்
1. கிஜுபாய் வழக்கறிஞர் தொழிலைத் துறந்தது ஏன்?
2. பால மந்திரில் குழந்தைகள் எவ்வாறு கற்றனர்?
3. பகற்கனவு நூலில் வரும் வகுப்பு இரண்டாம் நாள் அமைதியானதன் காரணத்தை விளக்குக.
4. உன் பாட்டியோ தாத்தாவோ சொன்ன கதை ஒன்றைத் தமிழில் எழுதி, வகுப்பில் சொல்லுக.